மினி டிராக்டருக்கு இன்ஜின் ஆயில் மாற்றுதல்: நெல்லைப் பக்கத்து விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

களக்காடு, ஏர்வாடி, திருக்குறுங்குடி வாழைத் தோட்டங்களிலும் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வயல்களிலும் மினி டிராக்டர்கள் நிறைய ஓடுகின்றன. பெரிய வண்டி திரும்ப முடியாத இடத்தில் இது திரும்பிவிடும், டீசலும் குறைவு. ஆனால் வண்டி சின்னது என்பதால் பராமரிப்பும் குறைவாகப் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. சின்ன இன்ஜினுக்குள் இருப்பது சில லிட்டர் ஆயில்தான். அத்தனை சூடு, கரி, தூசி எல்லாவற்றையும் அந்தக் கொஞ்ச ஆயிலே தாங்க வேண்டியிருக்கிறது. ஆகவே கெடு தாண்டினால் அதன் விளைவு சீக்கிரமே தெரிந்துவிடும்.

ஆயில் மாற்றுகிற வேலையை வண்டிக்காரர் தன் கையால் செய்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. கூலி மிச்சம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. இறங்கி வரும் ஆயிலை நீங்களே கண்ணால் பார்த்தால், இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று வேறு யாரும் சொல்வதற்கு முன்பே உங்களுக்குத் தெரியும்.

எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்?

வண்டியோடு தந்த புத்தகத்தில் உங்கள் மாடலுக்கு என்ன போட்டிருக்கிறதோ அதுதான் முதல் கணக்கு. பொதுவாக, புது வண்டிக்கு முதல் மாற்றம் 50 மணி நேரத்தில் வரும். புது இன்ஜினில் பிஸ்டன் வளையமும் சிலிண்டரும் ஒன்றோடொன்று உரசிப் படியும்போது நுண்ணிய இரும்புத் துகள் ஆயிலில் கலக்கும். அதை வெளியே எடுக்கத்தான் இந்த முதல் மாற்றம். இதைத் தள்ளிப்போடவே கூடாது. அதற்குப் பிறகு மாடலைப் பொறுத்து 100 மணிக்கு ஒரு தடவை, 200 அல்லது 250 மணிக்கு ஒரு தடவை என்று இருக்கும்.

புத்தகத்தில் உள்ள கெடு சாதாரண வேலைக்கானது. கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டித் தொழி அடிப்பதும் (சேற்று உழவு), புழுதியில் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர் ஓட்டுவதும், மே மாத வெயிலில் பாரம் இழுப்பதும் கடுமையான வேலை. அப்படி ஓடும் வண்டிக்குக் கெடுவைக் கொஞ்சம் முன்னதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வண்டி வருசத்துக்கு 60 மணி நேரம்கூட ஓடாது. அப்போதும் மாற்ற வேண்டுமா?

ஆம், வருசத்துக்கு ஒரு தடவை கட்டாயம். சும்மா நிற்கிற வண்டியில் ஆயில் கெடாது என்பது தவறான நம்பிக்கை. டீசல் எரியும்போது உண்டாகும் நீராவியும் அமிலமும் ஆயிலில் தங்கிவிடுகின்றன. வண்டி நீண்ட நேரம் சூடாக ஓடினால் ஈரம் ஆவியாகிப் போகும். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, மறுபடி பத்து நாள் கழித்து எடுத்தால் போகாது. அந்த ஈரமும் அமிலமும் பேரிங்கை மெல்ல அரிக்கும்.

மணி காட்டும் மீட்டர் ஓடவில்லை. எப்படிக் கணக்கு வைப்பது?

டீசலை வைத்துக் கணக்குப் போடலாம். ஒரு நாள் டேங்கை நிரப்பி, கடிகாரம் பார்த்து வேலை செய்து, மறுபடி நிரப்பும்போது எவ்வளவு பிடிக்கிறது என்று பாருங்கள். மணிக்கு எத்தனை லிட்டர் என்று தெரிந்துவிடும். அதன் பிறகு டீசல் பில்களைக் கூட்டினாலே ஓடிய மணி கிடைக்கும். ஆனாலும் மீட்டரைச் சரிசெய்துவிடுவது நல்லது. பிடிஓவில் (கருவிகளைச் சுழற்றும் பின்பக்கத் தண்டு) பம்பு மாட்டித் தண்ணீர் இறைத்த நேரமும் இன்ஜின் ஓடிய நேரம்தான், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதத்தில் மாற்றுவது வசதி?

தாமிரபரணிப் பாசனத்தில் உள்ளவர்களுக்கு இந்தக் கேள்வி முக்கியமானது. மழை நன்றாக இருக்கும் வருசத்தில் ஜூனில் பாபநாசம் அணை திறந்து கார் எனும் முதல் போக நெல் நடவு நடக்கும். பிசான நடவு, அதாவது இரண்டாம் போகம், அக்டோபருக்கு மேல். தண்ணீர் கன்னடியன் கால்வாயிலோ கோடகன் கால்வாயிலோ வந்துவிட்டால், ஊர் முழுக்க ஒரே நேரத்தில் உழவு தொடங்கிவிடும். அந்த வாரங்களில் உங்கள் வண்டிக்கும் ஓய்வு இருக்காது, மெக்கானிக்கும் கிடைக்க மாட்டார், கடையில் உங்கள் மாடலுக்கான ஃபில்டர் தீர்ந்து போயிருக்கும்.

ஆகவே தண்ணீர் வருவதற்கு முன்பே, வைகாசியிலும் புரட்டாசியிலும், மீட்டரைப் பாருங்கள். கெடுவுக்கு இன்னும் 30, 40 மணிதான் பாக்கி என்றால் காத்திருக்க வேண்டாம், அப்போதே மாற்றிவிடுங்கள். மிச்சமிருக்கும் ஆயிலின் விலையை நினைத்துத் தயங்குபவர்கள், நடவு நடுவில் வண்டி ஒரு நாள் நின்றால் எவ்வளவு நட்டம் என்று யோசித்துப் பார்க்கட்டும். வாழைக்கு வருசம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடும் வண்டிக்கு இந்தப் பருவக் கணக்கு அவ்வளவு பொருந்தாது. அங்கே மீட்டர்தான் கணக்கு.

எந்த ஆயில் ஊற்றுவது? டப்பாவில் இருக்கும் எண்ணும் எழுத்தும் புரியவில்லை.

நம் ஊர் வெப்பத்துக்கு 15டபிள்யூ-40 டீசல் இன்ஜின் ஆயில் பெரும்பாலான மினி டிராக்டர்களுக்குப் பொருந்தும். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண், குளிர்ந்திருக்கும்போது ஆயில் எவ்வளவு இளக்கமாக ஓடும் என்பதைச் சொல்கிறது. பின்னால் உள்ள 40, இன்ஜின் சூடேறிய பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. கடுங்குளிர் இல்லாத திருநெல்வேலியில் முன் எண்ணைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பின் எண்தான் முக்கியம்.

அடுத்து ஏபிஐ தரம், அதாவது டப்பாவில் அச்சிட்டிருக்கும் ஆயில் தரக் குறியீடு. 'சி' என்ற எழுத்தில் தொடங்குவது டீசலுக்கு, 'எஸ்' என்று தொடங்குவது பெட்ரோலுக்கு. டீசல் வரிசையில் சிஎஃப்-4 பழையது, சிஎச்-4 அடுத்தது, சிஐ-4 அதற்கும் அடுத்தது. உங்கள் புத்தகம் சிஎச்-4 கேட்டால் சிஐ-4 ஊற்றலாம். மேலே போகலாம், கீழே இறங்கக் கூடாது.

பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றித் தரும் சில்லறை ஆயிலை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அது என்ன ஆயில், எத்தனை நாள் திறந்து கிடந்தது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. மூடியின் சீல் உடையாத டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள், பில் கேட்டு வாங்குங்கள்.

பைக்குக்கு வாங்கிய ஆயில் மிச்சம் இருக்கிறது, அதை ஊற்றலாமா?

கூடாது. பெட்ரோல் இன்ஜினுக்கும் ஈரக் கிளட்சுக்கும் செய்த ஆயில் அது. டீசல் கரியைத் தாங்கிப் பிடிக்கிற மருந்து அதில் போதாது.

அண்ணாச்சி, ஹைட்ராலிக்குக்கும் கியருக்கும் ஊற்றும் ஆயிலும் இதுவும் ஒன்றுதானா?

இல்லை. கியர் பெட்டியும் ஹைட்ராலிக்கும் பெரும்பாலான மினி டிராக்டர்களில் ஒரே ஆயிலைப் பகிர்ந்துகொள்ளும். எண்ணெயில் மூழ்கிய பிரேக் இருந்தால் அதற்கும் அதே ஆயில்தான். அது வேறு வகை. இன்ஜின் ஆயிலை அங்கேயோ அதை இன்ஜினிலோ ஊற்றக் கூடாது.

இங்கே இன்னொரு எச்சரிக்கை உண்டு. சின்ன வண்டியில் எல்லாம் நெருக்கி அமைத்திருப்பதால் அடியில் பார்த்தால் ஆயிலை வடிக்கத் திறக்கும் ட்ரெயின் போல்ட்டுகள் இரண்டு மூன்று பக்கத்தில் பக்கத்தில் தெரியும். இன்ஜினுக்கு நேர் கீழே உள்ள ஆயில் சட்டியில் இருப்பதுதான் உங்களுக்கு வேண்டியது. அதற்குப் பின்னால், கிளட்ச் பெட்டியைத் தாண்டி இருப்பதைத் திறந்தால் கியர் ஆயில் முழுக்க இறங்கிவிடும். அதைக் கவனிக்காமல் இன்ஜினில் புது ஆயிலையும் ஊற்றினால், இன்ஜினில் இரண்டு பங்கு ஆயில், கியர் பெட்டியில் ஒன்றுமில்லை என்ற நிலை வரும். போல்ட்டில் கை வைப்பதற்கு முன் புத்தகத்திலுள்ள படத்தோடு ஒத்துப் பாருங்கள்.

சரி, வேலையை எப்படிச் செய்வது?

முதலில் எடுத்து வைக்க வேண்டியவை: புது ஆயில், புது ஃபில்டர், ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர், சரியான அளவு ரிங் ஸ்பானர், ஃபில்டர் கழற்றும் பட்டை, அகலமான சட்டி, புனல், சுத்தமான துணி. ஸ்பானர் அளவு சரியாக இல்லாமல் ஸ்க்ரூ ஸ்பானர் போட்டால் போல்ட்டின் முனை வழுக்கை ஆகிவிடும்.

வண்டியை மட்டமான தரையில் நிறுத்துங்கள். வயல் வரப்பிலோ சரிவிலோ வேண்டாம், ஆயில் முழுக்க இறங்காது, அளவும் தப்பாகக் காட்டும். இன்ஜினை ஐந்து பத்து நிமிடம் ஓட விடுங்கள். லேசான சூட்டில் ஆயில் இளகி, அடியில் படிந்த கசடையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். நாள் முழுக்க உழுதுவிட்டு வந்த உடனே திறக்கக் கூடாது, கை வெந்துவிடும். ரொட்டவேட்டரோ கலப்பையோ பின்னால் இருந்தால் தரையில் இறக்கி வையுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் துண்டோடு வண்டியருகே குனிவது நம் பழக்கம். இந்த வேலைக்கு அது வேண்டாம். பிறகு இன்ஜினை ஓடவிட்டுக் கசிவு பார்க்கும்போது ஃபேன் பெல்ட் பக்கத்தில் துணி தொங்கினால் ஆபத்து. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவும் கூடாது.

ஆயில் ஊற்றும் மூடியைச் சுற்றிலும் துடைத்துவிட்டுத் திறந்து வையுங்கள். மேலே காற்று போனால்தான் கீழே ஆயில் சீராக இறங்கும். மூடியோரத்து மண்ணைத் துடைக்காமல் திறந்தால் அது நேரே இன்ஜினுக்குள் விழும். அப்புறம் சட்டியை வைத்து ட்ரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். கடைசிப் புரியைக் கையால் திருகி, சட்டென்று பக்கவாட்டில் இழுத்துக்கொள்ள வேண்டும், ஆயில் முதலில் நேர் கீழே விழாமல் சற்றுத் தள்ளிப் பாயும். சில மாடல்களில் ஆயில் சட்டிக்கு இரண்டு பக்கமும் போல்ட் இருக்கும், இரண்டையும் திறந்தால்தான் முழுக்க இறங்கும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் முன் அச்சுக்குப் போகும் தண்டு குறுக்கே இருக்கும். ஆயில் அதன் மேல் பட்டுத் தெறிக்கும், ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்துத் திருப்பிவிடுங்கள்.

கால் மணி நேரமாவது சொட்ட விடுங்கள். இந்த நேரத்தில் ஃபில்டரைக் கழற்றலாம். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேல் புது ஃபில்டரை மாட்டினால் இரண்டு வளையம் ஒன்றின் மேல் ஒன்று நிற்கும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ஆயில் பீய்ச்சியடித்துக் காலியாகிவிடும். புது ஃபில்டரின் வளையத்தில் புது ஆயிலைத் தடவி, கையாலேயே திருகுங்கள். வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று போதும். ஸ்பானர் போட்டு இறுக்க வேண்டாம், அடுத்த தடவை கழற்றுவது பெரும்பாடாகிவிடும்.

ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, முதலில் கையால் திருகி, பிறகு ஸ்பானரால் நிதானமாக இறுக்குங்கள். ஆயில் சட்டி அலுமினியமாக இருந்தால் முழு பலத்தையும் காட்டினால் புரி தேய்ந்துவிடும்.

எவ்வளவு ஊற்ற வேண்டும்?

புத்தகத்தில் உள்ள அளவைவிட அரை லிட்டர் குறைத்து ஊற்றி, இன்ஜினில் செருகியிருக்கும் ஆயில் அளவுக் கம்பியில் பார்த்துப் பார்த்து நிரப்புங்கள். பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ரேஸ் கொடுக்காமல் மெதுவாக ஓட விடுங்கள். ஆயில் விளக்கு சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். இரண்டு நிமிடம் ஓடிய பிறகு போல்ட்டிலும் ஃபில்டரிலும் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜினை நிறுத்தி, ஐந்து பத்து நிமிடம் கழித்துக் கம்பியைத் துடைத்துச் செருகி மறுபடி எடுத்துப் பாருங்கள். ஃபில்டருக்குள் ஆயில் போயிருப்பதால் அளவு சற்று இறங்கியிருக்கும். மேல்கோடு வரை நிரப்பினால் போதும்.

கூடுதலாக ஊற்றினால் நல்லது என்ற எண்ணம் வேண்டாம். அளவுக்கு மேல் போனால் உள்ளே சுழலும் கிராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரைத்த ஆயில் பேரிங்கைக் காக்காது. ஆயில் மூச்சுக்குழாய் வழியாகக் காற்றோடு இன்ஜினுக்குள் போய் எரியவும் தொடங்கலாம். அப்படி ஆனால் டீசலை நிறுத்தினாலும் இன்ஜின் நிற்காமல் தறிகெட்டு ஓடும். கம்பியில் மேல்கோட்டைத் தாண்டினால் கொஞ்சம் இறக்கிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

மாற்றிய மறுநாளே ஆயில் கறுத்துவிட்டது. போலி ஆயிலா?

பெரும்பாலும் இல்லை. டீசல் எரியும் கரியை ஆயில் தனக்குள் பிடித்து மிதக்க வைப்பதால்தான் கறுக்கிறது. அது தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். நிறத்தை வைத்து டீசல் ஆயிலின் ஆயுளைத் தீர்மானிக்க முடியாது.

இறங்கிய ஆயிலில் என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?

சட்டியில் விழுந்த ஆயிலை அவசரமாக டப்பாவில் கொட்டிவிடாதீர்கள். வெயிலில் வைத்து நிதானமாகப் பாருங்கள்.

பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. தொழியடிக்கும்போது ஆயில் கம்பி சரியாக உட்காராமல் இருந்து, அந்தத் துளை வழியே தண்ணீர் போயிருக்கலாம். ரேடியேட்டரில் தண்ணீர் அடிக்கடி குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் புது ஆயில் ஊற்றி ஓட்டுவதில் பயனில்லை, முதலில் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். மூடியின் உட்புறத்தில் மட்டும் லேசாக வெண்மை படிந்து, ஆயில் கறுப்பாகவே இருந்தால் அது வெறும் ஈரம். குறைவாக ஓடும் வண்டியில் வரும்.

ஆயில் தண்ணீர் மாதிரி இளகி, டீசல் வாசம் அடித்தால் இன்ஜெக்டரோ டீசல் பம்போ கசிகிறது. இதற்கு இன்னொரு அடையாளம், ஓட ஓடக் கம்பியில் ஆயில் அளவு ஏறுவது. ஆயில் குறையவில்லை, ஏறத்தான் செய்கிறது என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். உண்மையில் அது கவலைப்பட வேண்டிய விஷயம்.

விரலில் தேய்த்துப் பாருங்கள். முதல் 50 மணி மாற்றத்தில் லேசான மினுமினுப்பு சகஜம். அதற்குப் பிறகும் மினுமினுத்தால், அல்லது சட்டியின் அடியில் செதில் செதிலாக உலோகம் தங்கினால், பேரிங் தேய்கிறது. ஓட்டுவதை நிறுத்தி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அந்த ஆயிலில் கொஞ்சத்தை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் எடுத்துப் போனால் அவருக்கும் உதவியாக இருக்கும்.

விரலில் நறநறவென்று மணல் தட்டினால் இன்ஜினைக் குற்றம் சொல்ல வேண்டாம், ஏர் கிளீனரைப் பாருங்கள்.

ஆயில் மாற்றத்துக்கும் ஏர் கிளீனருக்கும் என்ன தொடர்பு?

நிறைய. ராதாபுரம், வள்ளியூர், திசையன்விளைப் பக்கம் ஆனி, ஆடியில் அடிக்கும் மேல்காற்று எல்லோருக்கும் தெரியும். காற்றாலைகள் அங்கே நிற்பதே அதனால்தான். அந்தக் காற்றில் தேரி மணலும் (அங்குள்ள செம்மணல் மேடுகளின் மணல்) செம்மண் புழுதியும் பறக்கும்போது ரொட்டவேட்டர் ஓட்டினால், வண்டி மூச்சு விடுவதே தூசியில்தான். ஏர் கிளீனர் சரியாக இல்லையென்றால் தூசி சிலிண்டருக்குள் போய், ஆயிலில் கலந்து, எல்லா உராய்வு இடங்களையும் அராவிவிடும். அப்புறம் எவ்வளவு விலை உயர்ந்த ஆயில் ஊற்றினாலும் பலன் இல்லை.

உங்கள் வண்டியில் ஆயில் கிண்ணம் உள்ள ஏர் கிளீனர் இருந்தால், புழுதி வேலை நாட்களில் தினமும் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். அடியில் சேறு தங்கியிருந்தால் கொட்டிக் கழுவி, குறித்த கோடு வரை புது ஆயில் ஊற்றுங்கள். வடித்த பழைய ஆயிலை இதில் ஊற்றுவது தவறு. காகித ஃபில்டர் என்றால் உள்ளிருந்து வெளியே மெல்லிய காற்று அடித்துச் சுத்தம் செய்யலாம். தரையில் தட்டக் கூடாது, கழுவவும் கூடாது. ரப்பர் குழாயில் வெடிப்பு, கிளிப்பில் தளர்ச்சி இருக்கிறதா என்றும் கையோடு பாருங்கள்.

ஃபில்டரை ஒன்று விட்டு ஒரு தடவை மாற்றினால் போதாதா?

புத்தகம் அப்படிச் சொல்லியிருந்தால் செய்யலாம். என் கருத்து, ஒவ்வொரு தடவையும் மாற்றுங்கள். பழைய ஃபில்டருக்குள் நிற்கும் அழுக்கு ஆயில் முழுக்க, புது ஆயிலோடு முதல் நிமிடத்திலேயே கலந்துவிடும்.

ஆயிலோடு கலக்கும் மருந்து, இன்ஜினைக் கழுவும் திரவம் எல்லாம் வேண்டுமா?

வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு ஃபில்டர் வாங்கலாம்.

வாரண்டி இருக்கும்போது நானே மாற்றலாமா?

வாரண்டிக் காலத்தில் கம்பெனி சர்வீஸிலேயே செய்துகொள்ளுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். அதற்குப் பிறகு நீங்களே செய்யும்போது தேதி, மீட்டர் மணி, ஆயிலின் பெயர், தரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, பில்லையும் அதிலேயே ஒட்டி வையுங்கள். வண்டியை விற்கும்போது அந்த நோட்டைக் காட்டினால் வாங்குபவருக்கு நம்பிக்கை வரும்.

வெள்ளத்தில் வண்டி மூழ்கிவிட்டது. ஆயில் மாற்றினால் போதுமா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு நம் பக்கத்தில் யாரும் இதை வெறும் கற்பனைக் கேள்வி என்று நினைக்க மாட்டார்கள்.

முதல் விதி, ஸ்டார்ட் செய்யாதீர்கள். 'ஓடுகிறதா என்று ஒரு தடவை பார்ப்போம்' என்று சாவியைத் திருப்புவதால்தான் பிழைக்க வேண்டிய இன்ஜின்கள் உடைகின்றன. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். ட்ரெயின் போல்ட்டைத் திறந்தால் முதலில் தண்ணீர்தான் வரும், ஆயிலைவிடக் கனமானதால் அது அடியில் தங்கியிருக்கும். ஏர் கிளீனரும் நனைந்திருந்தால், மெக்கானிக்கை அழைத்து இன்ஜெக்டரைக் கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். அதன் பிறகு புது ஆயில், புது ஃபில்டர் போட்டு, பாரம் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டி, மறுபடி இறக்கிப் பாருங்கள். பால் நிறம் மறையும் வரை இப்படி மாற்ற வேண்டியிருக்கும். கியர் பெட்டி, ஹைட்ராலிக், முன் அச்சு, டீசல் டேங்க் ஆகியவற்றிலும் தண்ணீர் போயிருக்கும், இன்ஜினோடு நிறுத்திவிடாதீர்கள்.

வடித்த பழைய ஆயிலை என்ன செய்வது?

வாய்க்காலில் ஊற்றக் கூடாது. கரையில், வயல் மூலையில், கிணற்றடியில் எங்கேயும் கூடாது. நம் கால்வாய்களின் தண்ணீர் பயிருக்கு மட்டும் போவதில்லை. வழியெல்லாம் மாடு குடிக்கிறது, பிள்ளைகள் குளிக்கிறார்கள். திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிப்பது தாமிரபரணித் தண்ணீரைத்தான். கொஞ்ச ஆயில் போதும், தண்ணீர் மேல் படலமாகப் பரவி வெகுதூரம் போய்விடும்.

இந்தியச் சட்டப்படி, 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளில், பயன்படுத்திய ஆயில் அபாயக் கழிவாகத்தான் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதைப் பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைக்கு அனுப்புவதே முறை. விவசாயிக்கு அது எப்படிச் சாத்தியம் என்று கேட்பீர்கள். வழி எளிது. ஆயில் வந்த அதே டப்பாவில் ஊற்றி மூடி வையுங்கள். தண்ணீர், பெட்ரோல், பூச்சிமருந்து எதுவும் அதில் கலந்துவிடக் கூடாது, கலந்தால் மறுசுழற்சிக்கு ஆகாது. சேர்ந்ததும் டவுனில் உள்ள பெரிய சர்வீஸ் நிலையத்திலோ வண்டி வாங்கிய டீலரிடமோ கேட்டுக் கொடுத்துவிடலாம். மொத்தமாக எடுத்துப் போகிறவர்கள் அங்கே வருவார்கள்.

ஊரில் இதற்குப் பழைய பயன்கள் சில உண்டு. வேலிக் கம்பத்தில் கரையானுக்குப் பூசுவது, மாட்டின் புண்ணிலும் நாயின் சொறியிலும் தடவுவது. இரண்டாவதை உடனே நிறுத்த வேண்டும். அதில் கரியோடு புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்களும் உலோகமும் இருக்கின்றன. நாய் அதை நக்கும், தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். கால்நடை மருத்துவரிடம் இதற்கு நல்ல மருந்து இருக்கிறது. நீங்களும் வெறுங்கையால் அளைய வேண்டாம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கையை டீசலில் கழுவுவது தோலுக்கு இன்னும் கெடுதல்.

பழைய ஃபில்டரைக் கவிழ்த்து ஒரு இரவு முழுக்கச் சொட்ட விட்டு, அதில் வந்த ஆயிலையும் டப்பாவில் சேர்த்துவிடுங்கள். ஆயில் பட்ட துணியை அடுப்பில் போடாதீர்கள். தரையில் சிந்தியிருந்தால் மரத்தூளோ உமியோ தூவி, ஊறிய பிறகு கூட்டி ஒரு பையில் கட்டுங்கள். துணி, உமிப் பை, ஃபில்டர் மூன்றையும் ஆயில் டப்பாவோடு சேர்த்தே சர்வீஸ் நிலையத்தில் கொடுத்துவிடலாம்.